பத்திரமாக எச்சரித்தவர்

அவரிடமிருந்து ஓர் எச்சரிக்கையாவது வாங்காமல் எங்கள் தோல் கம்பெனியின் வாசலைத் தாண்டியவர் யாருமில்லை. வேலைக்கு வந்தவர்கள், பச்சைத்தோல் ஏற்றிவந்த லாரிக்காரர்கள், மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்த மனைவிமார்கள், ஒருமுறை தீயணைக்கும் சிலிண்டர் விற்க வந்த டை கட்டிய ஆள், எல்லோருக்கும் ஒன்று கிடைத்தது. கிடைத்ததெல்லாம் இங்கிலீஷில் கிடைத்தது. அவசரத்தையும் அசட்டையையும் பற்றி வெள்ளைக்காரர்கள் பாட்டன் காலத்திலிருந்து சொல்லிவந்த வாக்கியங்கள் எத்தனை உண்டோ, அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தமிழில் அவர் யாரையும் எச்சரித்து நான் கேட்டதில்லை, ஒரே ஒரு முறை தவிர. பிறகு, தமிழில் அவர் சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்துக்காக ஒரு பெண் காத்திருந்தாள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு அவரை நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். நல்ல மனிதராகத்தான் வருகிறார். வந்து கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு அந்தத் தொட்டி வந்துவிடுகிறது.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கும் மண்பாதையில் இருந்தது கம்பெனி. வாசலை ஒட்டி, ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ். அதில் இரண்டு மேஜை: ஒன்று பாதுகாப்பு பார்த்துக்கொண்ட அவருக்கு, எல்லோருக்கும் அவர் 'பாய்'; இன்னொன்று எனக்கு. வாசல் சுவரில் ஒரு கரும்பலகை. தினமும் ஏழே முக்காலுக்கு, வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சாக்பீஸை இரண்டாக உடைத்து, நீளமான பாதியைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு, குட்டையான பாதியால் எழுதுவார். சாய்ந்த கூட்டெழுத்து. மல்லிகைக் கொடி படர்வதுபோல ஒரு வரி. ஒரு நாள் ஆர்வத்தால் செத்த பூனை வரும், ஒரு நாள் திருட்டுப்போன குதிரையும் பிறகு பூட்டிய லாயமும் வரும், ஒரு நாள் எழுப்பக் கூடாத, தூங்குகிற நாய் வரும். எழுதி முடித்து இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பின்னால் வைக்கும் அடியையும் திரும்பிப் பார்த்துத்தான் வைப்பார்.

என் வேலை அந்த வரியை ஒரு பெரிய ரெஜிஸ்டரில் காப்பி எடுப்பது. அதன் கீழே, 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்கள் வருடத்துக்கு இருமுறை சோதனைக்கு வருவார்கள்; அவர்களுக்குக் காட்ட ஏற்பட்ட பழக்கம் இது. வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி பலகையைப் பார்த்து, தன் பாட்டி இதைத்தான் சொல்வாள் என்று கண்கலங்கி, பாயைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள். மறு மாதமே பலகைக்கு மரச்சட்டமும் மேலே தகரக் கூரையும் வந்தன. ஆட்கள் கையெழுத்துப் போட நிற்கும் இடத்துக்குக் கூரை வரவில்லை. மழையில் நனைந்துகொண்டே புரிந்துகொண்டார்கள்.

தமிழில் கையெழுத்து, உருதுவில் கையெழுத்து, பெருவிரல் ரேகை. இருநூறு பேர் புரிந்துகொண்டார்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

ஏழுமலைக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவன் கேட்காமல் விடமாட்டான். சுண்ணாம்புக் குழியில் வேலை. தோளில் சிவப்புத் துண்டு. கையெழுத்து மட்டும் போடுவான்; அதில் கடைசி 'லை'யைப் பழைய வழக்கப்படி யானைத் தும்பிக்கை வைத்து எழுதி, அந்தத் தும்பிக்கையை அடுத்தவன் கட்டம்வரை நீட்டிவிடுவான்.

"இன்னா பாய், இன்னிக்கி எந்த மிருகம்?"

"இன்னிக்கு மிருகம் இல்லப்பா. ஐஸ்."

"ஐஸா?"

"மெல்லிசான ஐஸ் மேல நடக்கிறதப் பத்தி."

"ஆம்பூர்ல ஐஸு குச்சியில தான இருக்குது? அது மேல எவன் பாய் நடப்பான்?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். அவர் சிரிப்பு சத்தமில்லாதது. உதடு விரியும், தோள் குலுங்கும், அவ்வளவுதான். "அர்த்தம் பெருசுப்பா. நீ போய் வேலையப் பாரு" என்பார். ஏழுமலை போகிறபோக்கில் என் பக்கம் குனிந்து, "அண்ணே, நெஜமாவே இன்னா போட்டிருக்கு?" என்பான். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். பொண்டாட்டி சொல்வதைக் கேட்டு நட என்று போட்டிருக்கிறது, மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடு என்று போட்டிருக்கிறது. அவன் அதை உள்ளே கொண்டுபோய் எல்லோரிடமும் சொல்லுவான். அந்த வருடங்களில் அந்தப் பலகை எங்களுக்கு ஒரு விளையாட்டு. வேறெதுவுமாக அது எங்களுக்கு இருந்ததே இல்லை.

எச்சரிக்கை அவருக்கு வேலை மட்டும் இல்லை, உடம்பு. டீயைச் சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குடிப்பார். நாற்காலியின் நான்கு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருவார். பேரணாம்பட்டு பஸ்ஸில் அவசர வழிக்குப் பக்கத்து சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். கல்யாண வீட்டுப் பிரியாணியில் ஒவ்வொரு பருக்கையாக எலும்பு தேடுவார். அடுத்த பந்திக்காரர்கள் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும்வரை தேடுவார். சொந்தத் தம்பியின் நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளையைத் தழுவி, காதில் அவசரக் கல்யாணத்தைப் பற்றிய ஒரு வரியைச் சொன்னார் என்று அவர் மனைவியே என்னிடம் சொன்னார்.

"அரே, நிக்காஹ் ஆயிடுச்சுப்பா! அதுக்கப்புறம் போய் சொல்றாரு. இந்த மனுஷனோட பேஜாரு தம்பி. வூட்டுல கேஸ் லீக் ஆனாக்கூட இங்கிலீஷ்ல தான் சொல்லுவாரு. நாங்க அர்த்தம் கண்டுபுடிக்கிறதுக்குள்ள வீடே போயிடும்."

அந்த அம்மாள் சொன்னதை நான் பல இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அவர் கை அப்படியில்லை. அதையும் சொல்லவேண்டும். தையல் பிரிவில் ஒரு பெண்ணின் துப்பட்டா மிஷின் பெல்ட்டில் சிக்கியது. பக்கத்துப் பெண்கள் அலறுவதற்குள், இருபதடி தூரத்தில் எதற்கோ நின்றிருந்தவர் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். ஹால் முழுக்க இருட்டு, அமைதி. கழுத்திலிருந்து இரண்டு விரல் தூரத்தில் துணி இறுகி நின்றிருந்தது. துணியை அவரே கத்தரித்து எடுத்தார். அந்தப் பெண் உட்கார்ந்து நடுங்கும்போது அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கைதான் அதிகமாக நடுங்கியது. பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, வாயைத் திறந்தார், இங்கிலீஷ் வந்தது. கை நேராகப் போகும் மனிதர். வாய்தான் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும்.

ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். வேலை முடிந்து நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் நின்றிருந்தோம். சுண்டுவிரலைக் கிளாஸில் வைத்தபடியே சொன்னார். முன்பு பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட்டில் இருந்தாராம். தோல் உருட்டுகிற பெரிய மர ட்ரம்மின் கதவுப் பூட்டு தேய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர்களோடு நின்றிருந்த முதலாளியிடம் போய், நேராக, நல்ல தமிழில், "இந்த ட்ரம்ம ஓட்டாதீங்க, கதவு தெறிச்சா ஆளு சாவான்" என்றிருக்கிறார். அன்று மாலையே வேலை போயிற்று. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர் மூன்றிலும் முதலாளிகள் ஒருவருக்கொருவர் சம்பந்தி, இல்லாவிட்டால் சம்பந்தியின் தோஸ்த். எட்டு மாதம் எவரும் சேர்க்கவில்லை. மனைவி பீடி சுற்றினார்.

"அப்புறம் அந்த ட்ரம் கதவு?" என்றேன்.

"இன்னிக்கு வரைக்கும் தெறிக்கல." டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெறிச்சிருந்தா நான் பெரிய ஆளு. தெறிக்கல. அதான் என் நசீபு."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நேரா சொன்னா யாரோ ஒருத்தரத் தொடும் தம்பி. நம்மளத்தான் சொல்றான்னு அவனுக்குக் கோவம் வரும். இது இருக்கே, இங்கிலீஷ்காரன் சொல்லி வெச்சது, இது யாரையும் தொடாது. முதலாளியும் தலையாட்டுவாரு. மேனேஜரும் தலையாட்டுவாரு. சொன்ன மாதிரியும் ஆச்சு."

"கேக்கிறவனுக்குப் புரியணுமே?"

"சொன்னேன்ல?" என்றார்.

அந்தச் சொல்லை அவர் அன்றைக்கு முதன்முறையாகச் சொல்லவில்லை. யாருக்காவது விரல் நசுங்கினால், கால் வழுக்கினால், அவர் பதறிக்கொண்டு ஓடுவார், மருந்து வைப்பார், ஆட்டோ பிடிப்பார். ஆட்டோ கிளம்பியதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். "சொன்னேன்ல?" என்பார். அந்த நிம்மதியை நான் நெடுநாள் அன்பு என்று நினைத்திருந்தேன்.

சோதனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வர மூன்று நாள் இருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கழிவுத் தொட்டி. தோலிலிருந்து முடி உதிர்க்கிற சுண்ணாம்புத் தண்ணீரும், வேறொரு பக்கத்திலிருந்து அமிலத் தண்ணீரும் அதில் வந்து சேரும். அடியில் சேறு கட்டி, தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொண்டது. வெளிநாட்டு ஆட்கள் வந்து பார்த்தால் வம்பு. மேனேஜர் காலை பத்து மணிக்கு ஏழுமலையையும், பாபு என்கிற இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனார். பாய்க்கும் ஆள் அனுப்பினார்: எச்சரிக்கை எழுதவேண்டும், கையெழுத்து வாங்கவேண்டும். ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

மூடியைத் தள்ளியிருந்தார்கள். பாய் தொட்டியின் விளிம்பிலிருந்து நான்கு முழம் தள்ளி நின்றார். மூக்கை உறிஞ்சினார். பிறகு என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"நாத்தம் இல்ல, பாத்தியா?"

"நல்லதுதான பாய்?"

"அழுகின முட்டை மாதிரி நாத்தம் வந்தா பயமில்ல. வெளிய ஓடிடலாம். கேஸ் ஜாஸ்தியா இருந்தா மூக்கு செத்துடும். நாத்தமே தெரியாது."

சொல்லிவிட்டார். எனக்குச் சொன்னார். எனக்குச் சொல்லி என்ன பயன்? நான் இறங்கப் போவதில்லை.

"சீக்கிரம் பாய், டைம் இல்ல" என்றார் மேனேஜர்.

பாய் அங்கிருந்த சிமெண்ட் சுவரில் எழுதினார். எழுதுகிறபோது சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. குதிப்பதற்கு முன் பார்த்துக்கொள் என்கிற அந்தப் பழைய வரி. அதில் தொட்டியும் இல்லை, வாயுவும் இல்லை. ரெஜிஸ்டரில் நான் காப்பி எடுத்தேன். ஏழுமலை கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். தும்பிக்கை பாபுவின் கட்டத்துக்குள் போயிற்று.

"இன்னா பாய் எழுதிகிறீங்க? மிருகமா, ஐஸா?"

பாய் அவனைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயின் தொண்டை ஏறி இறங்கியது. இன்றைக்கும் எனக்கு அந்தத் தொண்டை தெரிகிறது. ஒரு வார்த்தை அங்கே வந்து நின்றது, நிச்சயமாக நின்றது. பிறகு அவர் அந்த இங்கிலீஷ் வரியை, அழகான உச்சரிப்போடு, சத்தமாக வாசித்தார்.

"வெரி குட்" என்றார் மேனேஜர். "ம், எறங்கு."

"அண்ணே, நெஜமா இன்னா போட்டிருக்கு?" என்று ஏழுமலை என்னைக் கேட்டான். ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

"பாத்து எறங்கச் சொல்லி இருக்கு" என்றேன்.

முதல்முறையாக அன்றுதான் அவனுக்குச் சரியான மொழிபெயர்ப்பு சொன்னேன். அவன் பார்த்துத்தான் இறங்கினான். ஒவ்வொரு படியாகக் காலை வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கினான். ஐந்தாவது படியில் தலை சாய்ந்தது. கை விட்டது. சேற்றில் விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

பாபு "மச்சான்!" என்று கத்திக்கொண்டு ஏணிக்குப் பாய்ந்தான்.

அப்போதுதான் அது வந்தது. "எறங்காத! டேய், எறங்காத! விஷக் காத்துடா, செத்துருவ! எறங்காத!" ஷெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள், அப்படி ஒரு குரல். அந்த ஒல்லி உடம்பில் அது எங்கே இருந்ததென்று தெரியவில்லை. பாபு ஏணியின் இரண்டாம் படியில் அப்படியே நின்றுவிட்டான். பாய் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். பாபு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறான் என்று கேள்வி.

தோல் இழுக்கிற நீளக் கொக்கியால் ஏழுமலையை எடுத்தார்கள். அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

அன்று மாலைக்குள் கம்பெனி ஒரு கதையைக் கண்டுபிடித்துவிட்டது. ஏழுமலையை யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவனுடைய செல்போன் தொட்டியில் விழுந்துவிட்டது. எச்சரித்தும் கேட்காமல், அதை எடுக்க அவனாகவே இறங்கினான். சுவரில் எழுத்து இருக்கிறது, ரெஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது. பாபுவை அன்றிரவே அரக்கோணத்துக்குப் பக்கத்தில் வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் அவன் நடந்ததை ஏழுமலையின் மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் விசாரணைக்கு வரமாட்டேன் என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செல்வி என்னிடம் வந்தாள். "பாய் வூட்டக் காட்டுண்ணா" என்றாள். பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருந்த அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பாய் அவளுக்கு நாற்காலி போட்டார். நான்கு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். அந்த நேரத்திலும்.

செல்வி உட்காரவில்லை.

"அவரு போனு வூட்லதான் இருந்துச்சு பாய். காலையில சார்ஜு இல்லன்னு என் கையில குடுத்துட்டுப் போனாரு. இப்பவும் என்கிட்டதான் இருக்குது, பாருங்க." புடவை முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "போனுக்கு ஆசப்பட்டு உயிர வுட்டான்னு தெருவுல பேசுறாங்க. எம் பையன் காது கேக்க பேசுறாங்க. எறங்கச் சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியும். விசாரணையில அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். ஒரே வார்த்தை."

பாய் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார்.

"சொல்லிடுங்க ஜி" என்றார் அந்த அம்மாள். "பீடி சுத்துறதுக்கு எனக்கு இன்னும் கை இருக்கு."

பாய் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்தார்.

"சொல்றேம்மா" என்றார். "அல்லா மேல ஆணையா சொல்றேன்."

தமிழில்தான் சொன்னார். செல்வி அவரைக் கும்பிட்டாள். திரும்பும் வழியெல்லாம், "நல்ல மனுசரு, நல்ல மனுசரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தனக்குச் சொல்லிக்கொண்டாளா, எனக்குச் சொன்னாளா, தெரியவில்லை.

விசாரணை வேலூரில், மெயின்ரோட்டை ஒட்டிய தொழிலாளர் துறை அலுவலகத்தின் மாடியில் நடந்தது. அதிகாரி நிதானமான மனிதர். குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் ஜன்னலோரம், கால்மேல் கால் போடாமல், பணிவாக உட்கார்ந்திருந்தார். செல்வி சுவரோரம் பையனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரை இறங்கச் சொன்னது யார்?" அதிகாரி பாயைக் கேட்டார். இதைவிட நேரான கேள்வியை ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்க முடியாது.

பாய் எழுந்து நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருடைய கண் ஜன்னலுக்குப் போயிற்று, செல்விக்குப் போயிற்று, மறுபடி ஜன்னலுக்குப் போயிற்று. தொண்டை ஏறியது. நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லுங்க பாய், சொல்லுங்க.

இங்கிலீஷ் வந்தது. சுவரில் எழுதிய அதே வரி. ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. முடிவில் அந்தப் பழைய அழகான உச்சரிப்பு திரும்பிவிட்டது.

அதிகாரி நிமிர்ந்தார். "இது அன்றைக்கு எழுதியிருந்ததா?"

"ஆமா சார்."

"இறந்தவர் இதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரு சார். வார்னிங் குடுத்தேன் சார். சொன்னேன் சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். கேட்ட கேள்வி மேஜையின்மேல் அப்படியே கிடந்தது. அவர் அதை மறுபடி கையில் எடுக்கவில்லை. "ரெஜிஸ்டர் யாரிடம்?" என்றார்.

என்னிடம். நான் கொண்டுபோய் விரித்து வைத்தேன். எந்த இடம் என்று கேட்டார். அந்தத் தும்பிக்கையின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று வழக்கப்படி என்னையும் கேட்டார். அந்த வருடம் என் மனைவி இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். எனக்கும் தமிழ் தெரியும். "இல்லை சார்" என்றேன்.

அவரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் யார் என்று இந்த இடத்தில் யாராவது கேட்கலாம். என்னைப்போல மேனேஜருக்குப் பயந்து வாயை மூடியவன் கோழை. அவன் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். பாய் வாயை மூடவில்லை. அவர் பேசினார். நாள் தவறாமல், வருடக்கணக்காக, திருத்தமாகப் பேசினார். அவர் பேசிய அத்தனையும் யாருக்கு உதவவேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, யாருக்கு உதவக் கூடாதோ அவர்களுக்குக் கச்சிதமாக உதவியது. அவரை வெறுக்க நினைக்கும்போதெல்லாம் அந்தத் துப்பட்டாப் பெண்ணின் தலைமேல் நடுங்கிய கை குறுக்கே வருகிறது. மன்னிக்க நினைத்தால் பாபு வருகிறான், ஏணியின் இரண்டாம் படியில் நின்றபடி.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. தகுந்த எச்சரிக்கை தரப்பட்டும், தன் சொந்த விருப்பத்தின் பேரில் இறங்கியதால் என்று ஆரம்பித்து, கம்பெனியின்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. நான் அதற்குள் வேலையை விட்டுவிட்டேன். அது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. வேலூரில் வேறு வேலை கிடைத்திருந்தது.

விசாரணை நாளில், மாடியிலிருந்து இறங்கியபோது பகல் வெயில் கண்ணைக் குத்தியது. மேனேஜரின் கார் முதலில் போயிற்று. பாயை ஏறச் சொன்னார்கள். பஸ்ஸில் வருகிறேன் என்று நின்றுவிட்டார். நாங்கள் நான்கு பேர் அந்த நடைபாதையில் இருந்தோம்: அவர், நான், செல்வி, அவள் பையன். செல்வி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, பாய் இங்கிலீஷ்ல இன்னாவோ சொன்னாரே. எறங்கச் சொன்னாங்கன்னுதான சொன்னாரு?"

அவள் முகத்தில் இன்னும் நம்பிக்கை இருந்தது. இங்கிலீஷில் சொன்னால் அழுத்தமாகச் சொன்னதாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"இல்லம்மா" என்றேன். "சொல்லல."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கினார், ஏதோ சொல்லப்போகிறவர் போல. உதடு அசைந்தது. எந்த மொழியும் வரவில்லை. செல்வி அவரை நெருங்கிப் போனாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அந்தப் பாபுக்குக் கத்துனீங்களாமே" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "தொண்ட கிழியக் கத்துனீங்களாமே பாய். அத ஒரு நிமிசம் முன்னாடி கத்துறதுக்கு இன்னா?"

அவர் அவளைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. திரும்பிப் பார்க்காமல் வைத்தார். நடைபாதை முடிந்துவிட்டது. அவர் கால் சாலையில் இறங்கியது, அவர் இன்னும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். காட்பாடி பக்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. நான் பார்த்தேன். என் வாய் திறக்கவில்லை.

"யோவ் பாய், பஸ்ஸு! மேல ஏறு!"

செல்விதான். கத்திக்கொண்டே பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். பஸ் உரசிக்கொண்டு போயிற்று. அவர் தொப்பி புழுதியில் உருண்டது. டிரைவர் தலையை நீட்டி அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போனான். பாய் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதார்.

செல்வி தன் கையைப் பார்த்தாள். அவர் சட்டையின் பொத்தான் ஒன்று அதில் இருந்தது. அதைக் கீழே போட்டாள். அந்தக் கையைப் புடவையில் துடைத்தாள், ஒருமுறை, இரண்டுமுறை, தோல் சிவக்கும்படி. பிறகு பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துபோனாள்.